எழுதாமல் விட்ட முன்பெயர்: தரவுத்தள வினவல்களில் இயல்புநிலை ஸ்கீமா

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. அவற்றில் ஐந்தின் பெயர் மண்முனையில் தொடங்குகிறது: மண்முனை வடக்கு, மண்முனை மேற்கு, மண்முனைப்பற்று, மண்முனை தென்மேற்கு, மண்முனை தெற்கு எருவில்பற்று. இன்னும் ஐந்து கோறளைப்பற்றுகள். வெறும் கோறளைப்பற்று ஒன்று, வடக்கு, தெற்கு, மேற்கு, மத்தி என்று நான்கு. படுவான்கரையில், மகிழடித்தீவில் ஒருவர் ‘பிரதேச செயலகத்துக்குப் போய் வந்தன்’ என்றால் கொக்கட்டிச்சோலைக்குப் போனார் என்று கேட்பவருக்குத் தெரியும். மட்டக்களப்பு வாவிக்கு இப்பால் எழுவான்கரையில், களுதாவளையில் அதையே சொன்னால் அது களுவாஞ்சிகுடி. பேசுபவர் நிற்கும் இடம் கேட்பவருக்குத் தெரிவதால் முழுப்பெயர் தேவைப்படுவதில்லை. அதே சொற்களைக் கொழும்புக்கு அனுப்பும் கடிதத்தில் எழுதினால் பதில் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

உறவுநிலைத் தரவுத்தளத்திலும் இந்தச் சுருக்கம் நாள்தோறும் நடக்கிறது. அட்டவணை ஒவ்வொன்றும் ஒரு ஸ்கீமாவுக்குள் இருக்கிறது. ஸ்கீமாவின் பெயர், ஒரு புள்ளி, பிறகு அட்டவணையின் பெயர் என்று எழுதுவதே முழுப்பெயர். பெரும்பாலானோர் முன்பகுதியை எழுதுவதில்லை. எழுதாமல் விட்டதைத் தரவுத்தளம் தானே நிரப்பிக்கொள்கிறது. எதைக்கொண்டு நிரப்புகிறதோ அதுதான் இயல்புநிலை ஸ்கீமா.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 14 பிரிவுகளுக்கும் 14 ஸ்கீமாக்கள், ஒவ்வொன்றிலும் ‘குடும்பம்’ என்று ஓர் அட்டவணை. ‘குடும்பம் அட்டவணையில் எத்தனை நிரைகள்?’ என்று வினவினால் பதினான்கு விதமான விடைகள் சாத்தியம். அவற்றில் ஒன்று வரும். அது வேறு பிரிவின் எண்ணிக்கையாக இருந்தாலும் எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது. அட்டவணை இல்லை என்று தரவுத்தளம் மறுத்துவிட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள். தவறான அட்டவணையிலிருந்து ஓர் ஒழுங்கான எண் வந்துவிட்டால் அது அறிக்கையில் ஏறி, மாவட்டச் செயலகம் போய், அமைச்சு வரைக்கும் பயணிக்கும். ஆகவே இந்த விடயத்தைத் தட்டெழுத்தை மிச்சப்படுத்தும் வசதியாகப் பார்ப்பது போதாது. வெறும் பெயருக்குப் பொருள் தருவது யார், எந்த நேரத்தில், எவ்வளவு காலத்துக்கு, இடையில் வேறொருவர் அந்தப் பொருளைத் திருப்பிவிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தால், ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது.

இந்த வேறுபாட்டின் வேர் பழையது. 1986இல் எஸ்கியூஎல் முதன்முதலாகத் தரப்படுத்தப்பட்டபோது ஸ்கீமாவுக்கென்று தனிப்பெயர் கிடையாது. அது ஒரு பயனருக்கு உரியது. பயனரின் பெயரே அதன் பெயர். நீங்கள் யாராக நுழைகிறீர்களோ அவருடைய அட்டவணைகளே உங்கள் வெறும் பெயர்களுக்குப் பொருள். 1992 தரம் ஸ்கீமாவைப் பயனரிடமிருந்து பிரித்துத் தனிப்பெயர் கொடுத்தது, அமர்வின் நடுவே அதை மாற்றிக்கொள்ள ‘செட் ஸ்கீமா’ என்ற கட்டளையையும் வகுத்தது. சந்தையில் இருந்த தயாரிப்புகள் அதற்குள் தத்தம் வழியில் வெகுதூரம் போய்விட்டிருந்தன. இன்றைய குழப்பங்கள் பலவும் அந்த இடைவெளியில் விளைந்தவை.

ஆரக்கிள் பழைய வழியிலேயே நின்றுவிட்டது. அங்கே பயனரும் ஸ்கீமாவும் ஒன்று. மென்பொருள் ஒரு கணக்கில் நுழைந்து இன்னொரு கணக்கின் அட்டவணைகளைப் பயன்படுத்த வேண்டுமானால், அமர்வின் ‘கரன்ட் ஸ்கீமா’வை மாற்றும் கட்டளை உண்டு. பயனர் நுழையும்போதே ஓடும் ட்ரிகர் ஒன்றில் அதை எழுதிவைப்பது நெடுநாள் வழக்கம். இதில் கவனிக்கத்தக்க நல்ல பண்பு ஒன்று இருக்கிறது: ஸ்கீமாவை மாற்றுவதால் எந்த உரிமையும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. பெயர் எங்கே தேடப்படுகிறது என்பதும், தேடிக் கண்டதைப் படிக்க அனுமதி உண்டா என்பதும் வேறு வேறு கேள்விகளாகவே நிற்கின்றன. ஆனால் ஆரக்கிள் தேடல் அதோடு முடிவதில்லை. கரன்ட் ஸ்கீமாவில் இல்லையென்றால் பொதுச் சினொனிம்களில், அதாவது எல்லோருக்கும் பொதுவான மாற்றுப்பெயர்களில், தேடும். இருபது ஆண்டு பழைய ஆரக்கிள் தரவுத்தளம் ஒன்றைத் திறந்து பொதுச் சினொனிம்களின் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு, எவரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன பெயர்கள் எவ்வளவு சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்கியூஎல் சர்வர் 2005 பதிப்பில்தான் பயனரையும் ஸ்கீமாவையும் பிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இயல்புநிலை ஸ்கீமாவைக் குறிக்கலாம். 2012 பதிப்பிலிருந்து விண்டோஸ் குழுக்களுக்கும் குறிக்கலாம். வெறும் பெயர் முதலில் அங்கே தேடப்படும், கிடைக்காவிட்டால் ‘டிபிஓ’ ஸ்கீமாவில். அமர்வின் நடுவே மாற்றும் கட்டளை இல்லை. பலரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள்; எனக்கு அது பாதுகாப்பாகவே படுகிறது. பொறி வேறிடத்தில் இருக்கிறது. சிஸ்அட்மின் உரிமையுள்ளவருக்கு என்ன இயல்புநிலை குறித்துவைத்தாலும் தரவுத்தளம் அதைப் பொருட்படுத்தாது. அவருக்கு எப்போதும் டிபிஓதான். ஆகவே நிர்வாகி தன் கணக்கிலிருந்து ஒரு வினவலைச் சோதித்து ‘சரியாக வருகிறதே’ என்கிறார். அதே வினவல் உத்தியோகத்தரின் கணக்கில் வேறு அட்டவணையைத் தொடுகிறது. இருவரும் ஒரே எழுத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு உண்மைகளைப் பேசுகிறார்கள். இந்தத் தரவுத்தளமே ஒரு கட்டத்தில் தன் இயல்புநிலையை நம்புவதில்லை என்பது வேடிக்கை: அடிப்படை அட்டவணைகளோடு இறுக்கிக் கட்டப்படும் வியூக்களை உருவாக்கும்போது ஸ்கீமா பெயரோடு எழுதாவிட்டால் ஏற்க மறுக்கிறது. அங்கே பொருள் மாறக்கூடாது என்று அதற்குத் தெரியும்.

மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒரே பொருள். இரண்டு சொற்களும் ஒன்றையே குறிக்கும். ‘யூஸ்’ என்ற ஒரு கட்டளை, ஒரு நேரத்தில் ஒரே இயல்புநிலை, இரண்டாவது இடத்தில் தேடும் வழக்கம் கிடையாது. எதையும் தேர்ந்தெடுக்காமல் வினவினால் தரவுத்தளம் தெரிவுசெய்யப்படவில்லை என்று நின்றுவிடும். எளிமையில் பெரிய நன்மை இருக்கிறது. சேமித்து வைத்த ரூட்டீன் ஒன்றை அழைத்தால், அது எந்தத் தரவுத்தளத்துக்கு உரியதோ அதற்கு மைஎஸ்கியூஎல் தானே மாறிக்கொண்டு, முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. ரூட்டீனுக்குள் யூஸ் எழுத அனுமதியில்லை. அழைப்பவர் எங்கிருந்து அழைத்தாலும் ரூட்டீனுக்குள் பெயர்களின் பொருள் மாறாது. ஆரக்கிளில் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் ப்ரொசீஜர்களும், எஸ்கியூஎல் சர்வரின் ப்ரொசீஜர்களும் இதையேதான் செய்கின்றன: எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்துப் பொருள், அழைக்கப்பட்ட இடத்தைப் பொறுத்தல்ல.

டிபி2 அட்டவணைகளுக்கு ஒரு பதிவேடும் ஃபங்ஷன்களுக்கு இன்னொரு பாதையும் என இரண்டைப் பிரித்து வைத்திருக்கிறது. தரத்தின் எண்ணமும் அதுவே. எஸ்கியூலைட்டில் தற்காலிக அட்டவணைகள் முதலில், பிறகு முதன்மைக் கோப்பு, பிறகு இணைத்த கோப்புகள் இணைத்த வரிசையில். அதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றுமில்லை.

போஸ்ட்கிரெஸில்தான் இந்தக் கேள்வி முழு அகலத்தில் விரிகிறது. ஸ்கீமாக்கள் அதில் 2002இல் வந்த 7.3 பதிப்போடு நுழைந்தன. ஒரே ஓர் இயல்புநிலை என்பதற்குப் பதிலாக அது ஒரு வரிசையை வைத்திருக்கிறது. ‘சர்ச் பாத்’ என்று பெயர். கையால் எதையும் தொடாவிட்டால் அந்த வரிசையில் இரண்டு: பயனரின் பெயரையே கொண்ட ஸ்கீமா, அடுத்து ‘பப்ளிக்’. வெறும் பெயர் வரிசையில் முதலில் எங்கே அகப்படுகிறதோ அதுதான் விடை. புதிய அட்டவணை உருவாக்கினால் அது வரிசையில் முதலாவதாக உண்மையில் இருக்கும் ஸ்கீமாவில் போய் உட்காரும். அமைப்பின் சொந்தக் காடலாக், எழுதாவிட்டாலும் வரிசைக்கு முன்னால் நிற்கும். அட்டவணைகளைப் பொறுத்தவரை அமர்வின் தற்காலிகப் பொருள்கள் அதற்கும் முன்னால் நிற்கும். ஒருவர் வசதிக்காகக் ‘குடும்பம்’ என்ற பெயரில் ஒரு தற்காலிக அட்டவணையை உருவாக்கினால், அமர்வு முடியும்வரை நிலையான அட்டவணை அவர் கண்ணுக்கு மறைந்துவிடும்.

‘உண்மையில் இருக்கும்’ என்ற நிபந்தனை முக்கியம். இல்லாத ஒரு ஸ்கீமாவின் பெயரைச் சர்ச் பாத்தில் எழுதினாலும் போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும். பிழை தராது, அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடும். ‘மண்முனை_மேற்கு’ என்பதில் ஓர் எழுத்துத் தவறினால், வினவல் அடுத்து நிற்கும் பப்ளிக்கில் தேடும். அங்கே பழைய சோதனை அட்டவணை ஒன்று கிடந்தால் அதிலிருந்து விடை வரும். இதற்கு நான் பரிந்துரைப்பது கடுமையானது: பணிக் கணக்குகளின் வரிசையில் ஒரே ஒரு ஸ்கீமாவை வைத்து, பப்ளிக்கை நீக்கிவிடுவது. எழுத்துத் தவறினால் அட்டவணை இல்லை என்ற செய்தியாவது வரும். நீட்சிகள் எதுவும் பப்ளிக்கில் நிறுவப்பட்டிருந்தால் அவற்றுக்கென்று தனி ஸ்கீமா உருவாக்கி அதை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையை எங்கே எழுதிவைப்பது? இடங்கள் ஏராளம்: சர்வரின் அமைப்புக் கோப்பு, தரவுத்தளம், ரோல் எனப்படும் பயனர் கணக்கு, ஒரு தரவுத்தளத்துக்குள் மட்டும் ஒரு ரோல், இணைப்புச் சரம், அமர்வு, ஒரு பரிவர்த்தனை, தனி ஃபங்ஷன். குறுகியது அகன்றதை மேவும். எல்லா இடங்களும் திறந்திருப்பதால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த இடத்தில் எழுதுகிறார்கள். மூன்று ஆண்டு கழித்து வருபவர் வினவலைப் பார்க்கிறார், அது எந்த அட்டவணையைத் தொடுகிறது என்று வினவலைப் படித்துச் சொல்ல அவரால் முடிவதில்லை. கோப்பிலும் தரவுத்தளத்திலும் எழுதுவதைத் தவிர்த்து ரோலில் எழுதுவதே சிறந்தது என்பது என் முடிவு. யார் நுழைந்தாலும் அவருடைய ரோலைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். மென்பொருளை எந்தக் கணினியிலிருந்து ஓட்டினாலும் மாறாது. ஆனால் அதிலும் இரண்டு நுணுக்கங்கள். ரோலில் செய்த மாற்றம் அடுத்த நுழைவிலிருந்துதான் வேலை செய்யும். திறந்திருக்கும் அமர்வுகள் பழையபடியே ஓடும். மேலும் அது நுழையும் ரோலுக்கு மட்டும் உரியது: குழு ரோலுக்குக் குறித்ததை அதன் உறுப்பினர்கள் பெறமாட்டார்கள், நடுவே ‘செட் ரோல்’ செய்து வேறொருவராக மாறினாலும் அந்த வேறொருவரின் வரிசை வந்து ஒட்டாது. ‘எல்லா உத்தியோகத்தர்களையும் ஒரு குழுவில் போட்டு, குழுவுக்கு ஸ்கீமா வைத்துவிட்டேன்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஃபங்ஷன்களுக்கு வந்தால் போஸ்ட்கிரெஸின் வழி மற்றவற்றுக்கு நேர்மாறு. வியூ ஒன்றை உருவாக்கும்போதே அதிலுள்ள பெயர்கள் தீர்க்கப்பட்டு, பெயருக்குப் பதில் பொருளின் உள் அடையாள எண் பதிவாகிவிடும். பிறகு சர்ச் பாத் எப்படி மாறினாலும் வியூ அசையாது. ஆனால் வழக்கமான ஃபங்ஷனின் உடல் வெறும் எழுத்துச் சரமாகவே சேமிக்கப்படுகிறது. அதிலுள்ள வெறும் பெயர்களுக்கு ஓடும் நேரத்தில், அழைப்பவரின் வரிசைப்படி பொருள் கிடைக்கிறது. மண்முனை மேற்குக்காக எழுதிய ஃபங்ஷனைக் கோறளைப்பற்று வரிசையோடு அழைத்தால் அது கோறளைப்பற்றைக் கணக்கிடும். இதை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு: ஒரே ஃபங்ஷன், பதினான்கு பொருள். சாமர்த்தியம்தான். ஆனால் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும்படி குறித்த ஃபங்ஷன் ஒன்றில் இதே நெகிழ்வு ஒரு திறந்த கதவாகிவிடும்.

2018இல் வெளிப்பட்ட சிவிஇ-2018-1058 என்ற பாதுகாப்புக் குறை இதைத் தெளிவாகக் காட்டியது. அப்போது போஸ்ட்கிரெஸின் இயல்புநிலையில் எந்தச் சாதாரணப் பயனரும் பப்ளிக் ஸ்கீமாவில் புதிய பொருள்களை உருவாக்க முடிந்தது. எழுத்துகளைச் சிற்றெழுத்தாக மாற்றும் ‘லோயர்’ ஃபங்ஷன் அமைப்பின் காடலாக்கில் ‘டெக்ஸ்ட்’ வகைக்கு எழுதப்பட்டது. ஒருவர் அதே பெயரில் ‘வார்ச்சார்’ வகையை ஏற்கும் ஃபங்ஷனைப் பப்ளிக்கில் வைத்துவிட்டால், வார்ச்சார் நிரலில் லோயரை அழைக்கும் எவருடைய வினவலும் வகை கூடுதலாகப் பொருந்தும் அந்தப் போலியையே தேர்ந்தெடுக்கும். காடலாக் வரிசையில் முன்னால் நின்றும் பயனில்லை. ஃபங்ஷன் தெரிவில் வகைப் பொருத்தம் வரிசையை வென்றுவிடுகிறது. நிர்வாகி அந்த வினவலை ஓட்டினால் போலி ஃபங்ஷன் நிர்வாகியின் அதிகாரத்தில் ஓடும். யாருடைய கடவுச்சொல்லையும் திருட வேண்டியதில்லை, எந்த மென்பொருளையும் உடைக்க வேண்டியதில்லை. முன்பெயர் எழுதாத ஒரு பழக்கம் போதும்.

2018 மார்ச் 1இல் வந்த திருத்தப் பதிப்புகள் இயல்புநிலையை மாற்றவில்லை. மாற்றினால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்கள் நின்றுபோயிருக்கும். காப்பெடுக்கும் பிஜிடம்ப் போன்ற கருவிகள் மட்டும் வரிசையை வெறுமையாக்கி, எல்லாவற்றையும் முழுப்பெயரோடு எழுதத் தொடங்கின, மற்றவர்களுக்கு அறிவுரை. பப்ளிக்கில் உருவாக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்தது 2022 அக்டோபரில் வந்த 15ஆம் பதிப்பு. அதுவும் புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களில்தான். பழையதிலிருந்து மேம்படுத்திக் கொண்டுவந்தவை பழைய அனுமதியோடே இருக்கின்றன. 2024இல் வந்த 17ஆம் பதிப்பு, இன்டெக்ஸ் கட்டுதல் போன்ற பராமரிப்பு வேலைகளின்போது பாதுகாப்பான வரிசையை மட்டும் பயன்படுத்தும்படி இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது. ஒரு வசதியான இயல்புநிலையைத் திரும்பப் பெற இருபது ஆண்டு பிடித்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் குழுவினரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; இத்தனை பேர் சாய்ந்து நிற்கும் சுவரை ஒரே நாளில் எடுத்துவிட முடியாது.

ஃபங்ஷன் எழுதுபவருக்கான வழி 2008இலேயே வந்துவிட்டது: 8.3 பதிப்பிலிருந்து ஃபங்ஷனோடு சேர்த்தே அதன் சர்ச் பாத்தை எழுதலாம். உரிமையாளர் அதிகாரத்தில் ஓடும் எதற்கும் இது கட்டாயம், தற்காலிக ஸ்கீமாவை வரிசையின் கடைசியில் வெளிப்படையாக வைப்பதும் கட்டாயம். 14ஆம் பதிப்பிலிருந்து எஸ்கியூஎல் ஃபங்ஷனின் உடலைத் தரத்தின் வடிவில் எழுதினால், வியூவைப் போலவே உருவாக்கும்போதே பெயர்கள் தீர்ந்துவிடும். பின்னதே எனக்கு அதிகம் பிடிக்கிறது.

இணைப்புக் குளங்கள் வேறொரு தலைவலி. நூறு பேர் பயன்படுத்தும் மென்பொருளுக்குப் பத்து தரவுத்தள இணைப்புகள் போதும். பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருள் அந்தப் பத்தையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். பரிவர்த்தனைக்கு ஒருமுறை இணைப்பை மாற்றும் முறையில் அது இயங்கும்போது, ஒருவர் அமர்வுக்கென்று வைத்த சர்ச் பாத் அந்த இணைப்பிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்து அதைப் பெறுபவரிடம் போய்விடும். ஏறாவூர்ப் பிரிவு உத்தியோகத்தரின் வினவல் வாகரைப் பிரிவின் அட்டவணையைத் தொடும்; பத்து முறைக்கு ஒருமுறை தொடும், சோதனைச் சர்வரில் ஒருபோதும் தொடாது. பரிவர்த்தனைக்குள் ‘செட் லோக்கல்’ எழுதினால் பரிவர்த்தனை முடிந்ததும் மாற்றமும் போய்விடும் என்பதால் அதுவே தப்பிக்கும் வழி. ஜாவா 7 வந்தபோது ஜேடிபிசியில் சேர்ந்த ‘செட் ஸ்கீமா’ முறையை இந்தச் சூழலில் பயன்படுத்துபவர்கள் அது அமர்வு அளவில்தான் வேலை செய்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஹைபர்நேட்டின் இயல்புநிலை ஸ்கீமா அமைப்பு வேறு வகை: அது தரவுத்தளத்திடம் எதையும் சொல்வதில்லை, தான் உருவாக்கும் எஸ்கியூஎல்லிலேயே முன்பெயரைச் சேர்த்து எழுதிவிடுகிறது. இயந்திரம் எழுதும் வினவலுக்குத் தட்டெழுத்துச் சிக்கனம் எதற்கு? அந்த வழியே சரி. குறை என்னவென்றால், கையால் எழுதி உள்ளே செருகும் வினவல்களுக்கு அந்தச் சேர்ப்பு தானாக வராது. ஒரே மென்பொருளுக்குள் இரண்டு விதி ஓடும்.

இனி, பிரிவுக்கு ஒரு ஸ்கீமா என்று வைப்பதே சரிதானா என்ற முந்திய கேள்வி. இந்த வடிவத்துக்கு ஆதரவாளர்கள் உண்டு. ரூபி ஆன் ரெயில்ஸுக்கு ‘அபார்ட்மெண்ட்’, ஜாங்கோவுக்கு ‘ஜாங்கோ டெனன்ட்ஸ்’ என நூலகங்களும் உண்டு. கோரிக்கை வந்ததும் எந்த வாடிக்கையாளர் என்று பார்த்து, சர்ச் பாத்தை அவருடைய ஸ்கீமாவுக்குத் திருப்பிவிட்டு, வினவல்களை வெறும் பெயரோடே ஓட்டுவது இவற்றின் உத்தி. பத்துப் பதினைந்து ஸ்கீமாக்களுக்கு இது அழகாக ஓடும். ஆயிரத்தில் அமைப்புக் காடலாக் வீங்கிவிடும்; அட்டவணையில் ஒரு நிரல் சேர்க்க ஆயிரம் முறை சேர்க்க வேண்டும், இடையில் அறுந்தால் பாதி ஸ்கீமாக்கள் புதிய வடிவில், பாதி பழைய வடிவில் நிற்கும். அதைவிட அடிப்படையான தடை ஒன்று: மாவட்டத்துக்கு ஒரு மொத்தம் வேண்டுமென்றால் பதினான்கு முழுப்பெயர்களைக் கூட்டி எழுதத்தான் வேண்டும். அரசு நிர்வாகத்தில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி அந்த மாதிரி மொத்தங்கள்தான்.

இலங்கையில் உண்மையாக ஓடிய இரண்டு மென்பொருள்களைப் பார்த்தால், இரண்டுமே ஸ்கீமாவைத் திருப்பும் வழியை எடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய நாட்களில், நாவலடி, கல்லடி, டச்பார் என்று வாவி முகத்துக் கடற்கரை அழிந்துகிடந்தபோது, லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனோடு சேர்ந்த தன்னார்வலர்கள் காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள் ஆகியவற்றைப் பதிய ‘சஹானா’வை எழுதினார்கள். பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் அதன் அடித்தளம். 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அதற்குக் கொடுத்தது. பிறகு பைத்தானில் எழுதப்பட்ட சஹானா ஈடன் எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் மூன்றிலும் ஓட வேண்டியிருந்தது. மேலே சொன்னபடி, மூன்றிலும் ஸ்கீமா என்பது மூன்று வேறு பொருள். ஈடன் அதை நம்பவில்லை. தொகுதியின் சுருக்கத்தை அட்டவணைப் பெயரிலேயே ஒட்டிவிட்டது: ஆட்களுக்கு ‘பிஆர்_பெர்சன்’, இடங்களுக்கு ‘ஜிஐஎஸ்_லொகேஷன்’. அழகில்லாத வழி. ஸ்கீமா அளவில் ஒரே கட்டளையால் அனுமதி கொடுக்கும் வசதியும் இதில் போய்விடும். ஆனால் எந்தச் சர்வரில், எந்த இணைப்பில் ஓட்டினாலும் பெயருக்கு ஒரே பொருள்தான். பேரிடர் நேரத்தில் கிடைத்த கணினியில் நிறுவ வேண்டிய மென்பொருளுக்கு வேறென்ன வேண்டும்?

இடங்களை ஒரு தனி அட்டவணையாக வைத்ததிலும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. புதுக்குடியிருப்பு என்று மட்டக்களப்பில் ஓர் ஊர் உண்டு, ஆரையம்பதிக்குத் தெற்கே தாழங்குடாப் பக்கம். முல்லைத்தீவிலும் ஒரு புதுக்குடியிருப்பு உண்டு. சுனாமி இரண்டு மாவட்டங்களின் கரையையும் தாக்கியது. காணாமற்போனவரின் ஊர் என்ற நிரலில் வெறும் பெயரை எழுத்தாகச் சேமித்தால், அட்டவணைப் பெயரில் தவிர்த்த குழப்பம் தரவுக்குள் வந்துவிடும். இடம் தன் மேல்நிலை இடத்தைச் சுட்டிக்கொண்டு நின்றால்தான் அது தீரும்.

இரண்டாவது, டிஎச்ஐஎஸ்2. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தைத் தலைமையாகக் கொண்ட இந்தச் சுகாதாரத் தகவல் மென்பொருளை இலங்கையின் சுகாதாரத் துறை பயன்படுத்துகிறது. 2020இன் தொடக்கத்தில் கொவிட் கண்காணிப்புக்காக இங்கே உருவாக்கிய வடிவத்தை வேறு நாடுகளும் எடுத்துக்கொண்டன. அது போஸ்ட்கிரெஸில் ஓடுகிறது. ஒரு நாடு முழுவதற்கும் அட்டவணைகள் ஒரு தொகுதிதான். மாகாணம், மாவட்டம், நிலையம் எல்லாம் ‘ஆர்கனைசேஷன் யூனிட்’ என்ற ஒரே அட்டவணையின் நிரைகள். ஒவ்வொன்றும் தன் மேலுள்ளவற்றின் முழுப்பாதையையும் ஒரு நிரலில் சுமக்கிறது. ஒரு பயனருக்கு இந்த அலகு என்று குறித்துவிட்டால் அவர் அதையும் அதன் கீழுள்ளவற்றையும் பார்க்கிறார். அதாவது ‘நீ எங்கே நிற்கிறாய்’ என்ற இயல்புநிலை இங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. அது பெயரைத் தீர்க்கும் அடுக்கிலிருந்து தரவின் அடுக்குக்கு ஏறிவிட்டது. அங்கே அதைப் பார்க்கலாம், தணிக்கை செய்யலாம், மாவட்ட மொத்தத்தை ஒரே வினவலில் எடுக்கலாம்.

ஆகவே மட்டக்களப்பின் 14 பிரிவுகளுக்கு யாராவது புதிதாகப் பதிவேடு ஒன்றை வடிவமைத்தால், ஒரே ஸ்கீமா, பிரிவைக் குறிக்கும் ஒரு நிரல், போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்து கிடைக்கும் நிரை அளவுப் பாதுகாப்பு என்பதே என் பக்கம். ஸ்கீமாக்களை வேறு பிரிவினைக்குப் பயன்படுத்தலாம்: மூலத் தரவு ஒன்றில், அறிக்கைகளுக்கான வியூக்கள் ஒன்றில், வெளியிலிருந்து வந்து சரிபார்க்காமல் கிடப்பவை ஒன்றில். இவை வடிவத்தில் வேறுபட்டவை, ஒரே பெயர் இரண்டில் வர வாய்ப்பு குறைவு. சட்டமோ ஒப்பந்தமோ தரவை முழுதாகப் பிரித்துவைக்கச் சொல்லும் இடத்தில் ஸ்கீமாவையும் தாண்டித் தனித் தரவுத்தளமாகவே பிரித்துவிடுவது நேர்மையானது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் வெறும் பெயர்கள் எங்கெல்லாம் சாய்ந்து நிற்கின்றன என்று கண்டுபிடிக்க, போஸ்ட்கிரெஸில் மலிவான வழி ஒன்று உண்டு. பிஜிடம்ப் கொண்டு காப்பெடுத்து, வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் மீட்டுப் பாருங்கள். அந்தக் கோப்பு வரிசையை வெறுமையாக்கிவிட்டுத்தான் தொடங்கும். இன்டெக்ஸ்களுக்கும் நிபந்தனைகளுக்கும் உள்ளே வெறும் பெயரை நம்பியிருந்த ஃபங்ஷன்கள் அங்கே ஒவ்வொன்றாக, பெயரோடு, பிழையாக வந்து நிற்கும். அவற்றை முதலில் திருத்த வேண்டும். அடுத்து உரிமையாளர் அதிகாரத்தில் ஓடுபவை. அதற்கடுத்து மென்பொருளுக்குள் கையால் எழுதிச் செருகியவை. உத்தியோகத்தர் ஒருவர் மேசையில் உட்கார்ந்து, ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கப்போகும் எண்ணுக்காகத் தட்டும் வினவல்களை அப்படியே விட்டுவிடலாம். அவருடைய ரோலில் ஒரே ஒரு ஸ்கீமா இருந்தால் போதும்.